நிலானி கடந்து போன ஊரில் நான் படித்த அரையாண்டு

டென்மார்க்கில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு வியாதி தொற்றும். தூரதேசம் ஒன்றில் அரையாண்டு படிக்காவிட்டால் தங்கள் ஆளுமை வளராமல் நின்றுவிடும் என்று பயப்படத் தொடங்குவார்கள். நான் பிரெடெரிசியாவில் பிறந்து என் அம்மாவிடம் வளர்ந்தவள். அந்த வீட்டில் ஆளுமை வளராமல் ஒருவரும் தப்பியிருக்க முடியாது. இருந்தாலும் நானும் விண்ணப்பித்தேன். நான் படித்தது நகரத் திட்டமிடல். கொலம்பியாவின் மெதெயின் நகரத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் விரிவுரையாளர்களின் குரல் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பவர்களின் குரல் போலத் தணிந்துவிடும். மலைச்சரிவில் வாழும் ஏழைகளுக்குக் கேபிள் கார் கட்டிக்கொடுத்த ஊர் அது. அதைப் பார்க்காமல் பட்டம் வாங்குவது பாவம் என்பது போல இருந்தது எங்கள் பிரிவு.

உறவினரிடம் சொன்னபோது ஒரு மாமி, "கொழும்புக்கோ? அப்ப ஊருக்கும் ஒருக்கா போட்டு வாவன்" என்றார். கொலம்பியா என்று திருத்தியதும் அவருடைய முகம் விழுந்துவிட்டது. "படிக்கிறதுக்கு லண்டன் போறவை இருக்கினம், கனடா போறவை இருக்கினம்" என்றார் அம்மா. "இப்பிடி ஒரு இடத்தை நீ எங்க தேடிப் பிடிச்சனி?"

மெதெயினில் இறங்கியதும் முதலில் கற்றுக்கொண்டது, நான் டென்மார்க்கிலிருந்து வரவில்லை என்பதை. வாடகைக்காரின் சாரதி கேட்டார், எந்த நாடு? டென்மார்க் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இல்லை, உண்மையில் எந்த நாடு?" பிரெடெரிசியா ரயில் நிலையத்திலும் இதே கேள்வியை இதே தொனியில் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடும் ஒரு தாய் பிள்ளைகள்.

நான் அறை எடுத்த வீட்டின் சொந்தக்காரி தோன்யா நூபியா. அறுபது வயதைத் தாண்டிய விதவை. 'தோன்யா' என்பது மரியாதைக்கு முன்னால் போடுகிற சொல். அந்த மரியாதையை அவர் ஒவ்வொரு நாளும் வசூலித்தார். விருந்தாளிகள் வரக்கூடாது, குளித்தால் தரையைத் துடைக்க வேண்டும், அவருடைய தொலைக்காட்சி நாடகம் ஓடும்போது யாரும் மூச்சுவிடக்கூடாது. ஆனால் சாப்பிடாமல் வெளியே போக மட்டும் விடமாட்டார். காலையில் அரேப்பா தருவார். சோளமாவில் தட்டிச் சுட்ட வட்ட ரொட்டி. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, அது ஒரு உணவு என்பதற்கு வட்டமாக இருப்பதைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. இவ்வளவு வெயில் அடிக்கிற நாட்டில் மிளகாய்க்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. உலகமே குடிக்கிற கோப்பியை விளைவித்து அனுப்பிவிட்டு, கோப்பை கழுவின தண்ணீர் போன்ற ஒன்றில் சீனி போட்டு அவர்கள் குடித்தார்கள். டென்மார்க்கின் கறுத்த பாணை நான் வாழ்க்கையில் முதன்முதலாக மரியாதையோடு நினைத்தது அங்கேதான்.

என்னோடு வந்த டென்மார்க்காரன் எமிலுக்கு எல்லாம் பிடித்திருந்தது. அவனிடம் ஒரே ஒரு சொல் இருந்தது: "ஸ்பென்னன." சுவாரசியம் என்று பொருள். அரேப்பா ஸ்பென்னன. போக்குவரத்து நெரிசல் ஸ்பென்னன. மலைக் குடியிருப்பில் ஒரு மனிதர் தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொன்னபோதும் அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதையே சொன்னான். நாங்கள் கூட்டமாகக் கழுத்தில் கமராவோடு அந்த ஏழை வீடுகளுக்கு மேலால் மிதந்து போவோம். கீழே ஒரு பெண் கொடியில் உடுப்புக் காயப்போடுவாள். மேலே ஆறு பேர் அவளைப் பார்த்துச் சமூக நீதி பற்றிக் குறிப்பெடுப்பார்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பழகிவிட்டது போல.

வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆனதும் டென்மார்க்குக் கூட்டம் கடற்கரைக்குப் போக முடிவெடுத்தது. நெகோக்ளி என்ற ஊர், பஸ்ஸில் ஒரு பகல் முழுவதும் போகவேண்டும். விடிகாலையில் வடக்கு பஸ் நிலையத்துக்குப் போனோம். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பின்னால் இருந்து தமிழ் கேட்டது.

"ஏத்துங்கோ அண்ணை. பஸ்ஸில படுத்துக்கொண்டு வரட்டும்."

"வழியில ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது? ஏஜென்சிக்காரன் எங்களையும் விட்டிட்டுப் போயிடுவான்."

"அப்ப இதில விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. வேற என்ன செய்யிறதெண்டுதான் கேக்கிறன்."

மூன்று ஆண்கள் ஒரு வாங்கைச் சுற்றி நின்றார்கள். வாங்கில் என் வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாள். குளிர் இல்லாத அந்த விடியலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணின் கீழே தோல் சிவந்து தடித்திருந்தது. நான் கிட்டப் போய், "அண்ணை, இவவுக்கு இது கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்" என்றேன்.

மூவரும் பேயைக் கண்டவர்கள்போல் திரும்பினார்கள். மூத்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பிள்ளை, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"டென்மார்க்."

"அது இல்லைப் பிள்ளை. அப்பா அம்மா எந்த ஊர்?"

உலகத்தின் மறுபக்கத்தில், காய்ச்சலில் ஒரு பெண் பிதற்றிக்கொண்டிருக்க, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒன்றும் நகராது என்று எனக்குத் தெரியும். "உரும்பிராய்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "கடவுளே! அப்ப நீங்கள் எங்கட ஆள்தானே. நாங்கள் இனிப் பயப்பிடத் தேவையில்லை." மற்ற இருவரையும் பார்த்தார். "பிள்ளைக்குப் பாஷையும் தெரியும். பிள்ளை வடிவாப் பாக்கும்." அந்தப் பெண்ணின் பையை என் காலடியில் வைத்தார். கும்பிட்டார். மூவரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். உரும்பிராய் என்ற ஒரு சொல்லால் ஒரு மனுஷியை என்னிடம் பாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஏறியது எமில் இருந்த அதே பஸ்தான். எமில் யன்னலால் கையசைத்தான். நான் வரவில்லை என்று சைகை காட்டினேன். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பஸ் போய்விட்டது.

வைத்தியசாலை அவசரப் பிரிவில் உறவுமுறை கேட்டார்கள். சகோதரி என்றேன். தாதி எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்தார். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் நிறம் எனக்கு ஒரு வேலை முடித்துக் கொடுத்தது. டெங்கு என்றார்கள். இரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டிருந்தன. என் ஸ்பானிய மொழி கடையில் வாழைப்பழம் வாங்கப் போதும். ஈரலையும் மண்ணீரலையும் மொழிபெயர்க்க அது போதவில்லை. இளம் வைத்தியர் பொறுமையை இழந்து, வயிற்றில் அழுத்தும்போது வலிக்கிறதா என்று கேட்க உங்கள் பாஷையில் ஒரு சொல் மட்டும் தாருங்கள் என்றார். "நோகுதோ" என்று சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு காலையும் மாலையும் வந்து, "நோகுதோ? நோகுதோ?" என்று யாழ்ப்பாணத்து மனிதர்போலக் கேட்டார். காய்ச்சல் இறங்கிய நாளில் அவள் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அவரைத்தான். தான் செத்து வேறு எங்கோ வந்துவிட்டதாக நினைத்தாளாம்.

அவளுடைய பெயர் நிலானி. கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள். புருஷன் இதே வழியால் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து மூன்றாம் வருஷம். விசாவுக்கு எழுதி எழுதி மறுத்துவிட்டார்கள். அதனால் ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் ஒருவனுக்குக் காசு கட்டி, காடு கடந்து போகிற அதே வழியால் அவளும் புறப்பட்டாள்.

"தென்னமெரிக்கா வரைபடம் கீறச் சொல்லிப் பிள்ளையளுக்கு அடிச்சிருக்கிறன்" என்றாள். "கொலம்பியா, தலைநகர் பொகோட்டா, ஏற்றுமதி கோப்பி. இதில வந்து நுளம்பு கடிச்சுக் கிடப்பன் எண்டு அந்தப் புத்தகத்தில போடேல்லை."

பல்கலைக்கழகத்துக்கு நான் போகாததால் டென்மார்க்கிலிருந்து எங்கள் இணைப்பாளர் எழுதினார். நடந்ததைச் சொன்னேன். மிகவும் அன்பான பதில் வந்தது. இது எனக்கு உணர்வுரீதியாகப் பெரிய சுமையாக இருக்கும், நான் என் எல்லைகளை உணர்ந்துகொள்ள வேண்டும், என்னை நான் கவனித்துக்கொள்ள வேண்டும். கடைசியில், மாணவர் காப்புறுதி வேறு நபர்களுக்குப் பொருந்தாது. டென்மார்க்கில் ஒருவர் உங்கள் கையை விடும்போதும் அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் விடுவார்.

வைத்தியசாலையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். தோன்யா நூபியா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். விருந்தாளிகள் கூடாது என்ற சட்டத்தை முழுவதும் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே நிலானியின் கையைப் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பிள்ளையில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை" என்று என்னைத்தான் ஏசினார். நான் பட்டினி போட்டதுபோல. அன்று கோழியும் மரவள்ளிக்கிழங்கும் போட்ட சூப் வந்தது. நிலானி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "நல்ல மனுசி. ஆனா ஒரு பச்சை மிளகாயாவது போட்டிருக்கலாம்." எனக்கு அவளைப் பிடித்துப்போன இடம் அது.

என் அறையில் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் நிலத்தில் படுத்தேன். ஒரு கிழமையில் 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது.

"நீர் இஞ்ச என்ன படிக்கிறீர்?"

"ஊரை எப்பிடித் திட்டமிட்டுக் கட்டுறதெண்டு."

"டென்மார்க்கில ஊர் கட்டி முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு?"

அந்த அரையாண்டு முழுவதும் எந்தப் பேராசிரியரும் இதைக் கேட்கவில்லை.

அவள் நடக்கத் தொடங்கியதும் ஒரு நாள் கேபிள் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். எமிலும் வந்து சேர்ந்தான். கடற்கரையில் வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது. பாதி வழியில் மலையில் இடி இடித்தது. மின்னலுக்காகக் கேபிளை நிறுத்திவிட்டார்கள். கூடு காற்றில் ஆடிக்கொண்டு தொங்கியது. எங்களோடு இருந்த ஒரு கிழவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்து நித்திரையாகிவிட்டார். எமில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பயத்தை மறைக்கப் படிப்பிக்கத் தொடங்கினான். போக்குவரத்து மனிதர்களை மனிதர்களோடு இணைக்கிறது, பாதுகாப்பாகப் பயணம் செய்வது ஓர் உரிமை என்றான்.

"என்னவாம்?" என்றாள் நிலானி.

"ஏழையளுக்கு நல்ல பாதை போட்டுக் குடுத்தா ஊர் திருந்துமாம். பாதுகாப்பாப் போய்வாறது எல்லாருக்கும் உரிமையாம்."

"அப்ப என்னை ஏன் காட்டுக்குள்ளால நடக்க விடீனம் எண்டு கேளும்."

நான் டேனிஷ் மொழியில் கேட்டேன். எமில் அவளைப் பார்த்தான். தலையைச் சாய்த்தான். "ஸ்பென்னன" என்றான்.

நிலானிக்கு அந்தச் சொல்லின் பொருள் தேவைப்படவில்லை. முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்தாள்.

உடம்பு தேறத் தேற அவளுடைய கைபேசி விடாமல் அடித்தது. ஏஜென்சிக்காரன், கணவன், மறுபடி ஏஜென்சிக்காரன். நெகோக்ளியிலிருந்து படகில் வளைகுடாவைக் கடந்து, அதற்கப்பால் பனாமா எல்லைக் காட்டுக்குள்ளால் நடக்கவேண்டும். அந்தக் காட்டைப் பற்றி நான் வாசித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஆறு, சேறு, பாம்பு, கொள்ளைக்காரர். திரும்பிப் போகச் சொன்னேன். டென்மார்க்கில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவள் உடுப்பு மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதோ?" என்றாள். "உம்மட பாஸ்போர்ட்டில எத்தினை நாட்டுக்கு விசா இல்லாமப் போகலாம்?"

"தெரியாது."

"தெரியாதெண்டா, அது அவ்வளவு நல்ல பாஸ்போர்ட். என்ரையில எந்தெந்த நாட்டுக்குப் போகலாமெண்டு எனக்குப் பாடம். நீர் எனக்கு உயிர் தந்தனீர், அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். ஆனா புத்தி சொல்லாதேயும்."

இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. எனக்குக் கடும் கோபம். ஆளை இழுத்துக்கொண்டு வந்து பிழைக்க வைத்தது காட்டுக்குள் அனுப்பவா என்று மனம் கொதித்தது. மூன்றாம் நாள் அவளோடு சேர்ந்து நானும் பஸ் ஏறினேன். தனியாக விட முடியவில்லை. தோன்யா நூபியா அரேப்பாக்களை வாழையிலையில் சுற்றித் தந்தார். தன் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தைக் கழற்றி நிலானிக்குப் போட்டார். நிலானி அதைத் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

நெகோக்ளி கடற்கரையைப் பார்த்தபோது எமிலும் கூட்டமும் வாரக் கடைசி முழுவதும் எதைத்தான் பார்த்தார்கள் என்று யோசித்தேன். அவர்கள் அனுப்பிய படங்களில் இளநீரும் ஊஞ்சலும் சூரியாஸ்தமனமும் இருந்தன. அதே மணலில், கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால், வரிசையாகக் கூடாரங்கள். ஹைட்டிக்காரர், வெனிசுவேலாக்காரர், ஆப்கானியர். ரப்பர் சப்பாத்தும் கறுப்புக் குப்பைப் பையும் விற்கிற கடைகள். பொதியைத் தண்ணீர் படாமல் சுற்றத்தான் அந்தப் பை. சுற்றுலாக்காரர் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்க நன்றாகப் பழகியிருந்தார்கள். உணவகத்தில் எங்களுக்கு முதலில் இடம் இல்லை என்றார்கள். நான் ஆங்கிலத்தில் சத்தம் போட்டதும் மேசை முளைத்தது.

காலையில் துறைமுகத்துக்குப் போனோம். ஏஜென்சிக்காரனின் ஆள் புதிய கூட்டம் ஒன்றோடு நின்றான். அதில் ஒரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. நிலானியைக் கண்டதும் அந்தத் தாய், "தனியவோ? எங்களோட வாங்கோ" என்று கையைப் பிடித்தாள். படகோட்டி ஆட்களுக்குப் பாதுகாப்பு அங்கிகளை எறிந்துகொண்டு வந்தான். ஒன்றை என் நெஞ்சிலும் எறிந்தான்.

"நான் வரவில்லை" என்றேன்.

"எல்லாரும் முதலில் இப்படித்தான் பயப்படுவார்கள். ஏறு, மி அமோர்." அன்பே என்று அங்கே எல்லாரையும் கூப்பிடுவார்கள்.

"நான் வரவில்லை. நான் டென்மார்க்."

அவன் சிரித்தான். என் தோளைப் பிடித்துப் படகுப் பக்கம் தள்ளினான். கடைசியில் பையைக் கிளறி என் பீற்றூட் நிற டேனிஷ் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். அதைப் புரட்டிப் பார்த்தான். கொடுத்தான். "அப்படியென்றால் நீ இங்கே என்ன செய்கிறாய்?"

"படிக்கிறேன்."

நிலானி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே படகில் இறங்கினாள். இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இடுங்கி இருந்து, பொதியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "கவனம்" என்றேன். பெரிய படிப்புப் படித்த எனக்கு அது ஒன்றுதான் வந்தது. படகு கிளம்பியபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனாள்.

மெதெயினில் மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில் இல்லை. பரீட்சை எழுதினேன். நல்ல புள்ளி வந்தது. தோன்யா நூபியா ஒவ்வொரு காலையும் "ஏதாவது தெரியுமா?" என்று கேட்பார். இல்லை என்பேன். கோபத்தில் அரேப்பாவைத் தட்டில் போடுவார். நான் ஊருக்குப் புறப்படும்வரை செய்தி வரவில்லை. விமானத்தில் எமில் பக்கத்தில் இருந்து, இந்த அரையாண்டு தன்னை மாற்றிவிட்டது என்றான். மூக்கைத் தவிர எனக்கு வேறு மாற்றம் தெரியவில்லை.

பிரெடெரிசியாவில் குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சமைத்துக்கொண்டிருக்க, என் கைபேசி அடித்தது. கனடா இலக்கம்.

"நான்தான். வந்து சேர்ந்திட்டன்." அவளுடைய குரல் கரகரத்தது. காட்டையும், அதற்குப் பிறகு எத்தனையோ எல்லைகளையும், ஒரு தடுப்பு முகாமையும் தாண்டியிருந்தாள். காலில் இரண்டு நகம் போய்விட்டது என்றாள். காட்டில் கண்டவை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படகில் பக்கத்தில் இருந்த தாயைப் பற்றிக் கேட்டேன். அவர்களும் சேர்ந்துவிட்டார்கள் என்றாள். நான் சமையலறை நிலத்தில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா அகப்பையோடு வந்து, "ஆர், அந்தப் பிள்ளையோ? இஞ்ச தா" என்று கைபேசியை வாங்கினார். ஆற்றுத் தண்ணீர் குடித்தாயா, இரவில் எங்கே படுத்தாய், கூட வந்த ஆண்கள் ஒழுங்கானவர்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகள். அந்தப் பக்கம் நிலானி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லாதவற்றைச் சொன்னாள் என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

பிறகு அவள் ஏதோ திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அம்மா அடுப்பை நிறுத்தினார். யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

என் அம்மா இருபது வயதில் தனியாக டென்மார்க்குக்கு வந்தவர். எப்படி வந்தார் என்று பள்ளிக்கூட ஒப்படைக்காக நான் கேட்டபோது, "பிளேனிலதான்" என்றார். பிறகும் பலதரம் கேட்டிருக்கிறேன். அதே பதில்தான்.

"நானோ பிள்ளை?" என்றார் அம்மா இப்போது. "மொஸ்கோவில ஒரு அறையில அடைச்சு வைச்சவங்கள். அங்கயிருந்து லொறியில. மரக்குத்தியளுக்குப் பின்னால. எனக்குப் பக்கத்தில வல்வெட்டித்துறைப் பிள்ளை ஒண்டு இருந்தது. அவள் இருமினா எல்லாரும் பிடிபட்டிடுவம் எண்டு, நான் அவளின்ர வாயை…"

நான் எழும்பிக் கதவுக்கு வெளியே வந்து, சுவரோடு ஒட்டி நின்றேன். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவார்.